கீசரின் சொந்த ஊர்

“கீசர் ஸ்விட்ச் எங்கே இருக்கு?”

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில், அக்கா மகள் வீட்டில் விடிந்த முதல் காலையில் நான் கேட்ட முதல் கேள்வி இது. குளியலறைச் சுவர் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டேன். ஸ்விட்ச்சும் இல்லை, கீசரும் இல்லை. வெளியே அக்டோபர் காற்று ஜன்னலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

“கீசர் இங்கேருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு சித்தி. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன். இப்போ நீங்க சும்மா குழாயைத் திறங்க” என்றாள், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டே.

திறந்தேன். கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் கொட்டியது. கூடவே அழுகிய முட்டை வாசம்.

பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரின் வாசம் அது. கந்தக வாயு கொஞ்சம் கலந்திருக்கும். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் குளிர்ந்த நீர்க் குழாய். அந்தத் தண்ணீர் ஊற்றிலிருந்து நேரே வருவது, அப்படி ஒரு ருசி. இதையெல்லாம் விளக்கிச் சொன்னவள் ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டாள். மூன்றாம் நாள் பார்த்தால், முப்பது வருடமாகக் காலில் கிடக்கும் என் வெள்ளி மெட்டி, அடுப்புக்கரி பூசியதுபோலக் கறுத்திருந்தது. பல்லடம் போர் தண்ணீருக்கே மங்காத மெட்டி!

“அச்சச்சோ, வெள்ளியைக் கழட்டி வெச்சுட்டுக் குளிக்கணும் சித்தி.”

மெட்டியைக் கழற்றுவதாவது! கறுத்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தொடவில்லை. கோவை மாநகரில் பாதிகூட வராது. அந்த நாட்டில் இன்று பத்து வீடுகளில் ஒன்பது இந்த வெந்நீரால் சூடாகின்றன. மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் அருவிகளிலிருந்தும் பூமியின் சூட்டிலிருந்தும் வருகிறது. ஆனால் எனக்கு விவரம் தெரிந்த காலத்தில்கூட, அங்கே ஏறக்குறைய பாதி வீடுகள் கப்பலில் வந்த எண்ணெயை எரித்துத்தான் குளிர் காய்ந்தன என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியம். காலடியிலேயே வெந்நீரை வைத்துக்கொண்டு எண்ணெய் வாங்குவார்களா?

துணி துவைக்கப் போன பாதை

ரெய்க்யவிக்கின் கடைவீதிக்கு லோய்காவேகூர் என்று பெயர். கம்பளி ஸ்வெட்டர் கடை, காபிக் கடை, சுற்றுலாப் பயணிகள் கூட்டம் என்று கலகலப்பாக இருக்கும். அந்தப் பெயருக்கு ‘ஊற்றுக்குப் போகும் பாதை’ என்பது போலப் பொருள். ஒரு காலத்தில் ஊர்ப் பெண்கள் அழுக்குத் துணி மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு, பனியிலும் மழையிலும் சுமார் 3 கிலோமீட்டர் நடந்து வெந்நீர் ஊற்றுகளுக்குத் துவைக்கப் போன வழி இது.

அந்த இடத்துக்கும் போனேன். இப்போது அது ஒரு பூங்கா. ஓடையில் வெந்நீர் இல்லை. பழைய கல் தொட்டியும் மேலே வளைத்துப் போட்ட இரும்புக் கம்பிகளும் இருக்கின்றன. அந்தக் கம்பி எதற்கு என்று கேட்டால் மனசு கலங்கும். காற்றிலும் வழுக்கலிலும் கால் தவறிக் கொதிநீரில் விழுந்து இறந்த பெண்கள் உண்டு. அதற்குப் பிறகு போட்ட தடுப்பு அது. பக்கத்திலேயே துவைக்கும் பெண்ணின் சிலை ஒன்றும் நிற்கிறது. ஆற்றங்கரையில் சுங்குடிப் புடவையை அடித்துத் துவைத்த என் பாட்டி ஞாபகம் வந்தது. அவருக்கு வெந்நீர் இல்லை. இவர்களுக்கு வெந்நீரே எமன்.

ஊரில் முதல் குடியேறி வந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தச் சூட்டைத் துணிக்குத்தான் பயன்படுத்தினார்கள். ரெய்க்யவிக் என்றாலே ‘புகை விரிகுடா’. ஊற்றுகளிலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்து வைத்த பெயர் என்று சொல்வார்கள். ஆனால் 1930-களின் பழைய புகைப்படங்களில் ஊர் மேல் நிற்பது நிஜமான நிலக்கரிப் புகை. அந்த நிலக்கரியும் கப்பலில் வந்ததுதான்.

1930-ல் துணி துவைத்த அதே இடத்தில் துளை போட்டு, 3 கிலோமீட்டருக்குக் குழாய் பதித்து, முதலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெந்நீர் கொண்டுபோனார்கள். பிறகு மருத்துவமனை, நீச்சல்குளம், சில டஜன் வீடுகள். மூட்டை சுமந்த பாதையில் இப்போது தண்ணீரே எதிர்த் திசையில் வீட்டுக்கு நடந்து வந்தது. 1943-ல் இன்னும் தள்ளி உள்ள ஊற்றுகளிலிருந்து பெரிய குழாய் வந்தது. தலைநகர் கொஞ்சம் கொஞ்சமாகப் புகையிலிருந்து மீண்டது.

மற்ற ஊர்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. ஏனென்றால் எண்ணெய் மலிவாக இருந்தது.

நீச்சல்குளத்துப் பாட்டி

எண்ணெய்க் காலத்தை நேரில் பார்த்த ஒருவரை நான் சந்தித்தது நீச்சல்குளத்தில். ஐஸ்லாந்தில் நீச்சல்குளம் என்பது நம் ஊர்த் திண்ணை மாதிரி. குளிர்காலத்திலும் திறந்தவெளியில்தான். 38 டிகிரி, 40 டிகிரி, 42 டிகிரி என்று தனித்தனி வெந்நீர்த் தொட்டிகள். தலையில் பனி விழ, கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுகிறார்கள்.

உள்ளே போகும் முன் ஒரு சோதனை உண்டு. பெண்கள் பகுதியில், எல்லோர் முன்னிலையிலும், உடை எதுவும் இல்லாமல் சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் நீச்சலுடை. குளத்தில் மருந்து குறைவாகக் கலக்குவதால் இந்தக் கட்டுப்பாடாம். நான் பத்து நிமிடம் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா மகள் வெளியே காத்திருந்தாள். கடைசியில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி என்னைப் பார்த்து, யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுபோலக் கையசைத்துச் சிரித்தார். அவர்தான் பிறகு தொட்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பக்கத்து ஊரான ஹாஃப்னர்ஃபியோர்தில் வளர்ந்தவர். நல்ல ஆங்கிலம் பேசினார். சின்ன வயதில் அவர் வீட்டு முற்றத்தில் எண்ணெய்த் தொட்டி இருந்ததாம். லாரி வந்து நிரப்பும். துணி, திரைச்சீலை, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் எண்ணெய் வாசம். அந்த எண்ணெயில் பெரும்பகுதி சோவியத் நாட்டிலிருந்து வந்தது. 1950-களில் மீன்பிடிக் கடல் எல்லைத் தகராறில் பிரிட்டன் ஐஸ்லாந்து மீனை இறக்க விடாமல் தடுத்தபோது, சோவியத் நாடு மீனை வாங்கிக்கொண்டு எண்ணெய் கொடுத்தது. பனிப்போர் காலத்தில், அமெரிக்கப் படைத்தளம் இருந்த நாட்டில், வீட்டு அடுப்பில் சோவியத் எண்ணெய்! மீன் கொடுத்து எண்ணெய் வாங்கிய பண்டமாற்று.

1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர். சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. நம் ஊரிலும் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் அது. ஐஸ்லாந்துக்கு அது குளிர்கால உயிர்ப் பிரச்சினை. அந்தப் பாட்டியின் அம்மா, வரவேற்பறையைப் பூட்டிவிட்டு எல்லோரையும் ஒரே அறையில் படுக்க வைத்தாராம். அடுத்த சில ஆண்டுகளில் தெருத்தெருவாகத் தோண்டினார்கள். ரெய்க்யவிக்கின் வெந்நீர்க் குழாய் அவர்கள் ஊருக்கும் நீண்டது. சேற்றில் பலகை போட்டு நடந்து பள்ளிக்கூடம் போன தன் தம்பியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். முற்றத்துத் தொட்டியை எடுத்த நாளில் அவர் அம்மா அழுதாராம். சந்தோஷமா, செலவழித்த காசை நினைத்தா என்று கேட்டேன். கேட்கவில்லையே என்றார்.

தண்ணீர் வராத போர்

வெந்நீர் இருப்பது தெரியும். எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில், போதுமான அளவில் வருமா என்பது துளை போட்டால்தான் தெரியும். துளை போடப் பெரும் பணம் வேண்டும். சின்ன ஊராட்சி ஒன்று கடன் வாங்கித் துளை போட்டு, வெறும் பாறையாக இருந்தால்?

இந்த இடத்தில் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பல்லடம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருந்தது. கிணறு வற்றியதும் அப்பா போர் போட்டார். எழுநூறு அடியில் புழுதி. கடன் வாங்கி இரண்டாவது போர், அதிலும் புழுதி. மூன்றாவது போர் வண்டி ராத்திரி முழுக்க ஓடியது. விடிந்ததும் அப்பா எதுவும் பேசாமல் வீட்டுக்குள் வந்து படுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த வருடம் ஒரு ஏக்கரை விற்றோம். நம் பக்கம் இப்படி ஒரு கதை இல்லாத குடும்பம் குறைவு.

ஐஸ்லாந்து இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 1967-லேயே அரசு ஓர் எரிசக்தி நிதியை ஏற்படுத்தியிருந்தது. வெந்நீர் தேடித் துளை போட அதிலிருந்து கடன் கிடைக்கும். வெந்நீர் வந்தால் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். வராவிட்டால் அந்தக் கடன் மானியமாக மாறிவிடும், அவ்வளவுதான். பாறை காய்ந்திருந்தால் நஷ்டம் நாட்டுக்கு. ஒரு ஊருக்கல்ல, ஒரு விவசாயிக்கல்ல.

ஐஸ்லாந்து எண்ணெயை விட்ட கதையைச் சொல்பவர்கள் எரிமலை, பனிப்பாறை, டர்பைன் என்று படம் காட்டுவார்கள். என்னைக் கேட்டால், காய்ந்த துளைக்கான நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொண்ட அந்த ஒரு காகிதம்தான் பெரிய தொழில்நுட்பம். 1973 விலையேற்றத்துக்குப் பிறகு ஊர் ஊராகத் துளை போடும் துணிச்சல் அதிலிருந்து வந்தது. பத்துப் பதினைந்து வருடத்தில் முற்றத்து எண்ணெய்த் தொட்டிகள் அநேகமாகக் காணாமல் போயின.

மலைமேல் ஒரு பிரஷர் குக்கர்

நகரத்திலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் ஹெல்லிஷெய்தி மின் நிலையம். எரிமலைப் பாசிக்கு நடுவே வெள்ளிக் குழாய்கள் ஓடுகின்றன. எங்கு பார்த்தாலும் ஆவி. 2006-ல் தொடங்கிய நிலையம். 303 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். பார்வையாளர்களுக்கென்று ஒரு கண்காட்சிக் கூடமும் உண்டு.

வேலை செய்யும் விதம் சமையலறைக்காரர்களுக்கு எளிதில் புரியும். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை. அடியில் 300 டிகிரி அளவுக்குச் சூடு. குக்கருக்குள்போல அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் தண்ணீர், துளை வழியே சீறிக்கொண்டு மேலே வருகிறது. ஆவியைப் பிரித்து டர்பைனைச் சுற்றவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். மிஞ்சும் கொதிநீரில் தாது அதிகம். நேரே அனுப்பினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் அந்தச் சூட்டை வைத்து நல்ல தண்ணீரைச் சூடாக்கி ஊருக்கு அனுப்புகிறார்கள்.

இதேபோல இன்னொரு நிலையம் நெஸ்யாவெல்லிர். அங்கிருந்து தலைநகருக்கு 27 கிலோமீட்டர் குழாய். பனிக்காட்டில் அவ்வளவு தூரம் வந்தும் தண்ணீர் சுமார் இரண்டு டிகிரி சூட்டைத்தான் இழக்கிறது. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய டீ, பஸ் ஏறுவதற்குள் ஆறிவிடுவதை நினைத்துக்கொண்டேன். வீட்டை ஒரு சுற்று சுற்றிவந்து சூடு குறைந்த தண்ணீரையும் பல இடங்களில் வீணாக்குவதில்லை. நடைபாதைக்கு அடியில் ஓடவிடுகிறார்கள், பனி உருகிவிடுகிறது. லோய்காவேகூரில் வழுக்கி விழாமல் நான் நடந்ததற்கு அதுதான் காரணம்.

பூமிக்குள்ளிருந்து கரியமில வாயுவும் கொஞ்சம் வருகிறது. அதைத் தண்ணீரில் கரைத்து, சோடாபோல ஆக்கி, மீண்டும் எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அது பாறையோடு சேர்ந்து கல்லாகிவிடுகிறது. 2016-ல் வெளியான ஆய்வின்படி, சோதனையில் செலுத்தியதில் 95 சதவிகிதத்துக்கும் மேல் இரண்டு ஆண்டுக்குள் கல்லானது. கூடத்தில் அந்தக் கல்லை வைத்திருக்கிறார்கள். கறுப்புப் பாறையின் ஓட்டைகளில் வெள்ளை வெள்ளையாக, எள்ளுருண்டையில் தேங்காய் ஒட்டியதுபோல.

எல்லாமே பெருமைக்குரியது என்று சொல்ல மாட்டேன். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதியை அலுமினிய ஆலைகள்தான் குடிக்கின்றன. அதற்காக ஆறுகளை மறித்தபோது நிறையப் பேர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை என்பது பேச்சில் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வாக்குத் தவறாமல் கீசரைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். கெய்சிர் என்பது ஒரே ஒரு ஊற்றின் பெயர். பொங்கிப் பாய்வது என்று பொருள். அந்தப் பெயர் ஆங்கிலத்துக்குப் போய், பொங்கிப் பாயும் எல்லா வெந்நீர் ஊற்றுக்கும் பொதுப்பெயராகி, கப்பலேறி வந்து நம் குளியலறைச் சுவரில் மாட்டிக்கொண்டது. அசல் கெய்சிர் இப்போது பெரும்பாலும் தூங்குகிறது. பக்கத்திலிருக்கும் ஸ்ட்ரோக்கூர்தான் ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பீறிட்டு எல்லோரையும் ‘ஓ’ போட வைக்கிறது. வரும் வழியில், வெந்நீரால் சூடாக்கிய கண்ணாடிக் குடில்களில் தக்காளி பழுத்துத் தொங்கியது. வெளியே புல்லைத் தவிர எதுவும் இல்லை.

துறைமுகத்தில் டீசல் வாசம்

கந்தக வாசத்துக்கு மூக்கு பழகிய பிறகு, ஒரு மாலை பழைய துறைமுகத்துக்குப் போனோம். அங்கே வேறு வாசம். டீசல். மீன்பிடிக் கப்பல்கள் வரிசையாக நின்றன. வீட்டிலிருந்து எண்ணெயை வெளியேற்றிய நாடு, கடலிலிருந்தும் வானத்திலிருந்தும் இன்னும் வெளியேற்றவில்லை. மீன்தான் அவர்கள் வாழ்வு. கப்பல் ஓட டீசல் வேண்டும். என்னைக் கொண்டுவந்து இறக்கிய விமானமும் எண்ணெயில்தான் பறந்தது.

முயற்சி செய்யாமல் இல்லை. ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிராகி ஆர்னாசன், தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து அதில் கார், கப்பல் எல்லாம் ஓட்டலாம் என்று 1970-களிலிருந்தே சொல்லிவந்தார். ‘ஹைட்ரஜன் பேராசிரியர்’ என்றே பெயர் வந்துவிட்டது. 2003-ல் ரெய்க்யவிக்கில் ஹைட்ரஜன் பங்க் திறந்தார்கள். மூன்று ஹைட்ரஜன் பஸ்கள் ஓடின. உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் வந்து படம் பிடித்தன. சில ஆண்டுகளில் பஸ் ஓட்டம் முடிந்தது. மலிவான ஹைட்ரஜன் கார் சந்தைக்கு வரவே இல்லை. 2008-ல் நாட்டின் வங்கிகளும் கவிழ்ந்தன. கனவு அப்படியே நின்றுபோனது.

அந்த இடத்தை பேட்டரி கார்கள் பிடித்தன. 2023-ல் விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய பாதி முழு மின்சாரக் கார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அரசு வரிச் சலுகையை எடுத்து, கிலோமீட்டருக்கு 6 குரோனா என்று கட்டணமும் போட்டது. விற்பனை வெகுவாகச் சரிந்தது. சலுகை போனால் ஆசையும் போவது எல்லா ஊரிலும் ஒன்றுதான்போல!

கெஃப்லாவிக்கில் நான்கு இரவுகள்

கிளம்பும் நாள். விமான நிலையம் கெஃப்லாவிக் என்ற ஊரை ஒட்டி இருக்கிறது. இப்போதைய வீட்டுக்கு வருவதற்கு முன் அக்கா மகள் அங்கேதான் வாடகைக்கு இருந்தாள். போகும் வழியில் ரோட்டின் ஒரு பக்கம் தூரத்தில் ஆவி எழுந்தது. அது ஸ்வார்ட்செங்கி மின் நிலையம் என்றாள். புகழ்பெற்ற ‘நீலக் குளம்’ அந்த நிலையத்தின் கழிவு வெந்நீரில் உருவானதுதான்.

அதற்குப் பக்கத்தில் 2023 நவம்பரில் பூமி பிளக்க ஆரம்பித்தது. கிரின்டாவிக் என்ற மீனவ ஊரை ஒரே இரவில் காலி செய்தார்கள். டிசம்பரிலிருந்து அடுத்தடுத்து எரிமலை வெடிப்பு. 2024 பிப்ரவரி 8 காலையில் வெளிவந்த தீக்குழம்பு, ஸ்வார்ட்செங்கியிலிருந்து கெஃப்லாவிக் பக்கம் வெந்நீர் கொண்டுபோன பெரிய குழாயை உருக்கிவிட்டது. 20,000 பேருக்கு மேல் வெந்நீர் இல்லை. வெளியே உறைபனி. வீட்டைச் சூடாக்கும் நெருப்பு, வீட்டுக்கு வரும் குழாயை எரித்துவிட்டது.

“முதல் நாள் ராத்திரி தெரியல சித்தி. சுவத்துல சூடு மிச்சம் இருந்துச்சு. ரெண்டாவது நாள்தான்…” என்று நிறுத்தினாள். கடைகளில் மின்சார ஹீட்டர் தீர்ந்துவிட்டது. எல்லோரும் போட்டால் மின்கம்பி தாங்காது, ஒரு சின்ன ஹீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு. அவசரமாகப் பதித்த மாற்றுக் குழாயும் தீக்குழம்புக்கு அடியில் உடைந்துபோனது. எதிர் வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டி அவளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். ஒரு ஹீட்டரைச் சுற்றி ஐந்து பேர், இரண்டு பூனைகள். குழாய்க்காரர்கள் இரவு பகலாக வேலை பார்த்தார்கள். 12-ம் தேதி வாக்கில் மறுபடி வெந்நீர் வரத் தொடங்கியது. குழாயில் அந்த முட்டை வாசம் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்களாம்.

“எண்ணெய்த் தொட்டியே இருந்திருக்கலாமோன்னு அப்போ தோணலையா?” என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். “பக்கத்து வீட்டு அம்மா அதைக் கேட்டாங்க. அவங்க அப்பாதான் சொன்னார், எண்ணெய்க் கப்பல் வரலைன்னா நாலு நாள்ல யார் வந்து சரிபண்ணுவாங்கன்னு.”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மாகிட்ட இதைச் சொல்லாதீங்க. அந்த வாரம் பூரா வீடியோ கால்ல நாலு ஸ்வெட்டர் போட்டுட்டு, ஃபேஷன்னு சொல்லிச் சமாளிச்சேன்.”

சொல்லவில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் அக்கா என் காலைத்தான் முதலில் பார்த்தாள். “என்னடி மெட்டி இப்படிக் கறுத்துக் கிடக்கு?” என்று திருநீற்றை எடுத்துவந்து தேய்க்கச் சொன்னாள். நான்கு தேய்ப்பில் பழைய வெள்ளை திரும்பிவிட்டது. வெந்நீர், நீச்சல்குளம், கீசர், தக்காளி எல்லாம் கதை கதையாகச் சொன்னேன். கெஃப்லாவிக்கை மட்டும் விட்டுவிட்டேன்.

ஒரு சிக்கல். அக்கா இந்த இதழைச் செல்போனில் ஒரு வரி விடாமல் படிப்பவள்.